இரத்தப் பரிசோதனையில் முள்ளந்தண்டு வளைவு தெரியுமா? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் இரத்தம் எடுத்து, சுழற்றி, பிரித்து, அளந்து பார்ப்பது என் வேலை. என் மகளுக்கு முள்ளந்தண்டு வளைந்திருப்பது 12 வயதில்தான் தெரிய வந்தது. சாமத்திய வீட்டுக்குச் சட்டை தைக்க வெள்ளவத்தையில் கொடுத்தோம். அளவெடுத்த தையல்கார அக்கா நாடாவை இரண்டு தடவை வைத்துப் பார்த்துவிட்டு, "பிள்ளையின்ர வலது தோள் உயர்ந்து நிக்குது தங்கச்சி, ஒருக்கா டொக்டரிட்டக் காட்டுங்கோ" என்றார். தினமும் இரத்தத்தோடு வேலை செய்கிறவள் என்பதால், இதற்கும் ஏதாவது இரத்தப் பரிசோதனை இருக்கும் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். அன்றிலிருந்து தேடித் தேடி வாசித்தவற்றைக் கொண்டு, கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருந்த தாய்மார் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் வைத்தியர் இல்லை. உங்கள் பிள்ளைக்கு என்ன செய்வது என்பதை உங்கள் டொக்டரோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஸ்கோலியோசிஸ் என்றால் என்ன?

முள்ளந்தண்டு பக்கவாட்டில் வளைந்து, கூடவே முறுக்கியும் கொள்வது. எக்ஸ்ரேயில் அந்த வளைவை அளந்தால் 10 பாகை அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இந்த அளவுமுறையை 1948இல் ஜோன் கொப் என்ற அமெரிக்க வைத்தியர் விளக்கி எழுதினார், அதனால் ரிப்போர்ட்டில் 'கொப் கோணம்' என்று வரும். 10 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது உண்டு. பெரும்பாலானோருக்குச் சிறிய வளைவுதான், வைத்தியமே தேவைப்படாது. சிறிய வளைவு ஆண், பெண் இருபாலாரிலும் ஏறக்குறைய ஒரே அளவில் காணப்படுகிறது. வளைவு பெரிதாகப் பெரிதாக அதில் பெண்பிள்ளைகளே கூடுதலாக இருப்பார்கள்.

காரணம் இன்னதென்று சொல்ல முடியாத வகைதான் பதின்ம வயதில் அதிகம். நான் கீழே எழுதுவதெல்லாம் அந்த வகையைப் பற்றியே.

இரத்தத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கலாமா?

இன்றைக்கு முடியாது. அப்படி ஒரு பரிசோதனையை யாராவது காசுக்கு விற்றால் வாங்காதீர்கள்.

அப்படியானால் எங்கள் டொக்டர் ஏன் இரத்தம் எடுக்கச் சொன்னார்?

வேறு நோய் இல்லை என்று உறுதிப்படுத்த. இரவில் நித்திரையைக் குழப்பும் முதுகுவலி, காய்ச்சல், காரணமில்லாத மெலிவு இருந்தால் முள்ளந்தண்டில் காசநோயோ வேறு கிருமித்தொற்றோ கட்டியோ இருக்கலாம் என்று சந்தேகிப்பார்கள். அப்போது முழு இரத்த எண்ணிக்கையையும், உடலில் அழற்சியோ தொற்றோ இருப்பதைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகியவற்றையும் பார்ப்பார்கள். சத்திரசிகிச்சைக்கு முன்பு இரத்த வகை, உறைதல் எல்லாம் பார்ப்பதும் வழக்கம். சாதாரண ஸ்கோலியோசிஸ் பிள்ளைக்கு இவையெல்லாம் சரியாகவே வரும். என் மகளின் ரிப்போர்ட்டை நானே கையில் வாங்கினேன், எல்லாம் அளவுக்குள் இருந்தன. ஒரு நாள் முழுக்க சந்தோஷப்பட்டேன். அந்த ரிப்போர்ட்டுக்கும் வளைவுக்கும் சம்பந்தமே இல்லை என்பது அப்புறம்தான் புரிந்தது.

வளைவு எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரிகிறதே, பிறகு எதற்கு இரத்தத்தில் தேடுகிறார்கள்?

இதுதான் முக்கியமான கேள்வி. 'வளைவு இருக்கிறதா' என்று கேட்பதற்கு இரத்தம் தேவையில்லை. 'இந்த வளைவு கூடுமா, இப்படியே நிற்குமா' என்பதற்குத்தான் பதில் வேண்டும்.

இப்போது அதை எப்படிக் கணிக்கிறார்கள்? வளைவின் அளவையும் பிள்ளைக்கு இன்னும் எவ்வளவு வளர்ச்சி மிச்சம் இருக்கிறது என்பதையும் வைத்துத்தான். இடுப்பெலும்பின் விளிம்பில் புதிய எலும்பு படர்வதைப் பார்த்து 0 முதல் 5 வரை தரம் பிரிப்பார்கள், அதற்கு ரிஸர் தரம் என்று பெயர். அமெரிக்காவில் 727 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 1984இல் வெளியான ஆய்வில் 20 முதல் 29 பாகை வளைவும் ரிஸர் 0 அல்லது 1ம் உள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு 68 பேருக்கு வளைவு கூடியது. அதே வளைவோடு, எலும்பு முதிர்ந்து ரிஸர் 2 முதல் 4 வரை வந்துவிட்ட பிள்ளைகளில் 23 பேருக்குத்தான் கூடியது.

டொக்டர் முதல் நாளே "பெரியபிள்ளையானது எப்போது?" என்று கேட்பதும் இதனால்தான். பெண்பிள்ளை வேகமாக உயரும் காலம் பெரும்பாலும் அதற்குச் சில மாதங்கள் முன்பே உச்சத்தைத் தொட்டுவிடும். அதற்குப் பிறகும் ஏறக்குறைய இரண்டு வருடம் கொஞ்சம் கொஞ்சமாக வளர்வாள். நம் வீடுகளில் சாமத்திய வீட்டு அல்பத்தைப் பார்த்தாவது சரியான திகதியைச் சொல்லிவிடலாம். அதைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள், டொக்டருக்கு அது பெறுமதியான தகவல்.

ஆனால் 68 என்பது கூட்டத்துக்கான கணக்கு. என் பிள்ளை அந்த 68இல் ஒருத்தியா, மற்ற 32இல் ஒருத்தியா என்பதை அது சொல்லாது. தெரியாததால் அப்படிப்பட்ட எல்லோருக்கும் பிரேஸ், அதாவது உடம்பைச் சுற்றிக் கட்டும் கடினமான பிளாஸ்டிக் கவசம், போடுகிறோம். 2013இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் செய்த பெரிய ஆய்வின் முடிவு வெளிவந்தது. பிரேஸ் போட்டவர்களில் நூற்றுக்கு 72 பேருக்கு வளைவு, சத்திரசிகிச்சை பற்றிப் பேசப்படும் 50 பாகையைத் தொடாமலே வளர்ச்சி முடிந்தது. ஒரு நாளைக்குச் சராசரி 13 மணித்தியாலம் அல்லது அதற்கு மேல் போட்டவர்களில் 90க்கு மேற்பட்டோர் தப்பினார்கள். இவ்வளவு தெளிவாகப் பலன் தெரிந்ததால் ஆய்வை நேரகாலத்தோடு நிறுத்திவிட்டார்கள். பிரேஸ் வேலை செய்கிறது, அதில் சந்தேகம் வேண்டாம்.

அதே ஆய்வின் மற்றப் பக்கத்தையும் பாருங்கள். பிரேஸ் போடாமல் கவனித்துக்கொண்டு மட்டும் இருந்தவர்களிலும் நூற்றுக்கு 48 பேர் 50 பாகையைத் தொடவில்லை. அந்த 48 பேர் யார் யார் என்று முன்கூட்டியே சொல்லத் தெரிந்தால், அந்தப் பிள்ளைகள் கொழும்பு ஏப்ரல் வெயிலில் வெள்ளைச் சீருடைக்குள் கடினமான பிளாஸ்டிக்கைக் கட்டிக்கொண்டு ரியூஷனுக்குப் போக வேண்டியதில்லை. இரத்தத்தில் தேடுவது இதற்காகத்தான். மகள் பிரேஸைக் கழற்றும்போது உள்ளே போடும் பனியன் தோலோடு ஒட்டியிருக்கும், இடுப்பில் சிவந்த கோடு விழுந்திருக்கும். இந்த ஆராய்ச்சி எனக்கு வெறும் தகவலாக இல்லாமல் போனதற்குக் காரணம் அந்தக் கோடுதான்.

இன்னொரு காரணமும் உண்டு, எக்ஸ்ரே. 1912 முதல் 1965 வரை அமெரிக்காவில் ஸ்கோலியோசிஸ் என்று கண்டறியப்பட்ட 5,573 பெண்களின் பதிவுகளைப் பின்னாளில் ஆராய்ந்தார்கள். ஒவ்வொருவருக்கும் சராசரி 25 எக்ஸ்ரே அளவில் எடுக்கப்பட்டிருந்தது. மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் பொதுமக்களில் எதிர்பார்க்கக்கூடியதைவிட ஏறக்குறைய 1.7 மடங்கு இருந்தார்கள். இன்றைய எக்ஸ்ரேயில் கதிர்வீச்சு அன்றையதைவிட மிகக் குறைவு, பயந்து எக்ஸ்ரேயைத் தவறவிடாதீர்கள். ஆனாலும் ஒரு துளி இரத்தம் சில எக்ஸ்ரேகளை மிச்சப்படுத்தினால் நல்லதுதானே.

இதுவரை இரத்தத்தில் எதையெல்லாம் தேடிப் பார்த்திருக்கிறார்கள்?

கதை கோழிக்குஞ்சிலிருந்து தொடங்குகிறது. 1959இல் பிரான்சில் கோழிக்குஞ்சுகளின் மூளையிலுள்ள பீனியல் சுரப்பியை எடுத்துப் பார்த்தபோது முள்ளந்தண்டு வளைந்தது. அந்தச் சுரப்பிதான் இரவில் மெலடோனின் என்ற ஓமோனைச் சுரக்கிறது. அப்படியானால் மெலடோனின் குறைவுதான் காரணமோ என்று பிள்ளைகளின் இரத்தத்தில் அளந்தார்கள். சிலர் குறைவு என்றார்கள், சிலர் வித்தியாசமே இல்லை என்றார்கள். பின்பு குரங்குகளில் அதே சுரப்பியை எடுத்துப் பார்த்தபோது ஒன்றுக்குக்கூட முதுகு வளையவில்லை. நான்கு காலில் நடக்கும் விலங்குக்கும் இரண்டு காலில் நிற்கும் கோழிக்கும் நமக்கும் உடலின் பாரம் இறங்கும் விதம் வேறு என்பதையும் இங்கே யோசிக்க வேண்டும்.

மொன்றியலில் செயின்ட் ஜஸ்டின் சிறுவர் வைத்தியசாலையில் அலன் மொரோ என்பவரின் குழு கேள்வியையே மாற்றிப் போட்டது. மெலடோனின் எவ்வளவு இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, கலங்கள் அதன் செய்தியைச் சரியாக வாங்குகின்றனவா என்று பார்த்தார்கள். இரத்த வெள்ளணுக்களை எடுத்து, அவை எப்படிப் பதில் தருகின்றன என்பதைக் கொண்டு பிள்ளைகளை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒஸ்ரியோபொன்ரின் என்ற புரதம் இரத்தத்தில் கூடியிருப்பதையும் அவர்களே முன்வைத்தார்கள். எனக்கு இந்த வழி பிடித்திருக்கிறது. ஒரே மாதிரித் தெரியும் வளைவுக்குள் பல நோய்கள் ஒளிந்திருக்கலாம் என்று ஏற்றுக்கொண்டு தொடங்குகிறார்கள்.

1990களில் அமெரிக்காவில் குருதிச் சிறுதட்டுகளில் கல்மொடுலின் என்ற புரதத்தை அளந்தார்கள். தசையைச் சுருங்க வைக்கும் பொறிமுறை போன்ற ஒன்று சிறுதட்டிலும் இருப்பதால், தசையை வெட்டி எடுக்காமல் இரத்தத்திலேயே பார்க்கலாம் என்பது யோசனை. வளைவு கூடும் பிள்ளைகளில் அது அதிகமாக இருந்தது. ஆனாலும் கிளினிக் வரை வரவில்லை.

ஹொங்கொங்கில் எலும்பைப் பிடித்துக்கொண்டார்கள். ஸ்கோலியோசிஸ் உள்ள பெண்பிள்ளைகளில் நூற்றுக்கு 30 பேரளவில் எலும்படர்த்தி குறைவாக இருப்பதைக் கண்டு, அதற்குப் பின்னால் இருக்கும் மைக்ரோஆர்.என்.ஏ.க்களைத் தேடினார்கள். கலத்துக்குள் எந்தப் புரதம் எவ்வளவு செய்யப்பட வேண்டும் என்று அடக்கி வைக்கும் குட்டித் துண்டுகள் அவை. இரத்தத்திலும் மிதக்கும். 2018இல் ஸ்பெயினின் வலென்சியாவில் நான்கு மைக்ரோஆர்.என்.ஏ.க்களைச் சேர்த்துப் பார்த்தால் வளைவுள்ள பிள்ளைகளைப் பிரித்தறியலாம் என்றார்கள். ஆனால் அந்த ஆய்வில் இருந்தது சில பத்துப் பிள்ளைகள்தான்.

லெப்ரின் பற்றியும் ஒரு சொல். 2007இல் சீனாவின் நான்ஜிங்கில் இந்தப் பெண்பிள்ளைகளுக்கு லெப்ரின் குறைவு என்று கண்டார்கள். லெப்ரின் கொழுப்பிலிருந்து வருவது. இந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் உயரமாக, மெலிந்து இருப்பவர்கள். மெலிவால் லெப்ரின் குறைந்ததா, லெப்ரின் குறைவு வளைவோடு சேர்ந்து வந்ததா? இரத்தத்தில் எந்த வித்தியாசத்தைக் கண்டாலும் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஒரு பரிசோதனை நூற்றுக்கு 90 சரி என்றால் போதாதா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பாடசாலையில் 1,000 பிள்ளைகள் என்று வையுங்கள். நூற்றுக்கு 3 என்றால் 30 பேருக்கு வளைவு. பரிசோதனை அவர்களில் 27 பேரைப் பிடித்துவிடும், சரி. மிச்சம் 970 பேர் நலமானவர்கள். அவர்களில் பத்தில் ஒருவருக்குத் தவறாக 'இருக்கிறது' என்று வரும், அது 97 பேர். ஆகவே 'இருக்கிறது' என்று வந்த 124 பேரில் உண்மையில் வளைவுள்ளவர்கள் 27 பேர்தான். மற்ற 97 வீடுகளிலும் அன்றிரவு யாரும் ஒழுங்காகச் சாப்பிட மாட்டார்கள்.

அதனால் எல்லாப் பிள்ளைகளையும் இரத்தத்தால் சலிப்பது சரிவராது. வளைவு உண்டென்று ஏற்கனவே தெரிந்த பிள்ளைகளில், கூடுமா என்று கணிப்பதற்குத்தான் இது ஒருநாள் பயன்படும் என்பது என் எண்ணம். அங்கேயும் எலும்பு முதிர்வும் கோணமும் சேர்ந்து இப்போதே சொல்வதைவிடக் கூடுதலாக ஏதாவது சொன்னால்தான் அந்த இரத்தப் பரிசோதனைக்கு அர்த்தம்.

வெளிநாட்டில் எச்சில் பரிசோதனை ஒன்று இருக்கிறதாமே? கனடாவில் இருக்கும் தம்பி அனுப்புகிறேன் என்கிறார்.

அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர் சொல்வது ஸ்கோலிஸ்கோர் என்பதாக இருக்கும். எச்சிலில் உள்ள டி.என்.ஏ.வில் 53 இடங்களைப் பார்த்து, வளைவு மோசமாகக் கூடுமா என்று எண் தரும் பரிசோதனை அது. 2010இல் அமெரிக்க வெள்ளையினப் பிள்ளைகளை வைத்து வெளியிட்டார்கள், பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. பின்பு யப்பானியரிடமும், கியூபெக்கில் உள்ள பிரெஞ்சுக் கனடியரிடமும் அதே 53 இடங்களைச் சோதித்தபோது அவை வளைவு கூடுவதோடு பொருந்தவில்லை. அப்படியிருக்க நம் பிள்ளைக்கு அது தரும் எண்ணை நம்பிப் பிரேஸைக் கழற்றுவதா?

மரபணுவில் ஒன்றுமே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு வளைவு இருந்தால் மற்றவருக்கும் இருப்பது நூற்றுக்கு 73 சோடிகளில், இருகரு இரட்டையரில் 36 சோடிகளில். 2011இல் யப்பானில் எல்.பி.எக்ஸ்.1 என்ற மரபணுவின் அருகே கண்ட மாற்றம் சீனரிலும் ஐரோப்பியரிலும் திரும்பவும் உறுதியானது. ஆனால் அது ஆபத்தைக் கொஞ்சம் கூட்டும் மாற்றம் மட்டுமே, தனி ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை அதை வைத்துச் சொல்ல முடியாது.

ஒரே இரத்தத்தைத்தானே அளக்கிறார்கள், ஏன் ஆளுக்கொரு முடிவு?

இது என் மேசையில் தினமும் பார்ப்பது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒஸ்ரியோபொன்ரினை எடுத்துக்கொள்ளுங்கள். இரத்தம் உறையும்போது உருவாகும் திரொம்பின் அதை வெட்டிவிடும். ஆகவே உறைய விட்ட குழாயில் அளந்தால் ஒரு எண், உறையாமல் தடுக்கும் ஊதா மூடிக் குழாயில் அளந்தால் வேறு எண். இரண்டு நாடுகள் இரண்டு குழாய் பாவித்தால் முடிவுகளை ஒப்பிடவே முடியாது.

மைக்ரோஆர்.என்.ஏ. இன்னும் நுணுக்கம். ஊசி ஒழுங்காக இறங்காமல் இழுத்துப் பிடுங்கி எடுத்தால் செங்குருதிக் கலங்கள் உடையும். சுழற்றி எடுத்ததும் மேலே நிற்கும் திரவம் வைக்கோல் மஞ்சளாக இருக்க வேண்டும். இளஞ்சிவப்பாக இருந்தால் கலத்துக்குள் இருந்த மைக்ரோஆர்.என்.ஏ. எல்லாம் வெளியே கொட்டிவிட்டது என்று அர்த்தம். குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, அந்தச் சாயம் தெரிந்தால் ஒதுக்கிவிட வேண்டும். பயந்து கையை இழுக்கும் 12 வயதுப் பிள்ளையிடம் எடுத்த இரத்தம் இப்படி வீணாவது மனதுக்குக் கஷ்டம்.

நேரமும் முக்கியம். மெலடோனின் நடு இரவுக்குப் பிறகுதான் உச்சத்துக்கு வரும், காலை பத்து மணிக் கிளினிக்கில் அளந்து என்ன பயன்? எலும்பு தேய்ந்து வளர்வதைக் காட்டும் குறிகாட்டிகள் காலைக்கும் மாலைக்கும் மாறும், சாப்பிட்டாலும் மாறும். எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் வயது. வளரும் பிள்ளைக்கு எலும்பிலிருந்து வரும் அல்கலைன் பொஸ்பற்றேஸ் என்ற நொதியம் பெரியவர்களைவிட மிக உயர்வாகத்தான் இருக்கும். ஒரு பக்கம் வேகமாக வளரும் 12 வயதுப் பிள்ளைகளையும் மறுபக்கம் வளர்ச்சி நின்ற 15 வயதுப் பிள்ளைகளையும் வைத்தால், இரத்தத்தில் தெரிவது வளைவின் வித்தியாசமாக இராது, வளர்ச்சியின் வித்தியாசமாகத்தான் இருக்கும்.

பிறகு சேமிப்பு. மாதிரிகள் மறை 80 பாகை செல்சியஸ் குளிரில் வருடக்கணக்காக இருக்க வேண்டும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். உறைந்து உருகி மறுபடி உறைந்த குழாயை நம்ப முடியாது. இங்கே இப்படியொரு ஆய்வு தொடங்கினால் குளிரூட்டிக்கும் ஜெனரேட்டருக்கும் முதலில் காசு ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்வேன்.

மகளுக்கு விற்றமின் டி குறைவு என்று வந்திருக்கிறது. அதுதான் காரணமா?

குறைவு என்றால் டொக்டர் சொல்வதுபோல் கொடுத்துச் சரிப்படுத்துங்கள், எலும்புக்கு நல்லது. ஆனால் அதுதான் வளைவுக்குக் காரணம் என்று நினைத்துப் பிரேஸைத் தள்ளிப் போடாதீர்கள். எண்ணெய் பூசி உருவிவிடுவதும் அப்படித்தான், உடம்பு நோவுக்கு இதமாக இருக்கலாம், வளைவு நிமிராது.

பாரமான புத்தகப்பை?

இல்லை. கூனி இருந்து போன் பார்ப்பதும் இல்லை. பிள்ளையைத் திட்டாதீர்கள், உங்களையும் நோகாதீர்கள்.

ஆய்வுக்கு என்று இரத்தம் கேட்டால் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், விளங்கிக்கொண்டு கொடுங்கள். எடுப்பது பெரும்பாலும் ஒன்றிரண்டு தேக்கரண்டி அளவு. முதலில் ஒரு நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். கொழும்பு மருத்துவ பீடம் போன்ற இடங்களில் அதற்கென்றே குழு உண்டு. உங்கள் கையெழுத்து மட்டும் போதாது, பிள்ளையும் தன் வாயால் சம்மதிக்க வேண்டும். படிவம் தமிழில் இருக்க வேண்டும். "ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, பரவாயில்லை, இங்கே ஒரு கையெழுத்து" என்று சொன்னால் தமிழ்ப் படிவம் வரும் வரை காத்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாதிரியை எத்தனை வருடம் வைத்திருப்பார்கள், வெளிநாட்டுக்கு அனுப்புவார்களா, இடையில் விலகினால் என்ன செய்வார்கள் என்பதையும் கேட்டு வையுங்கள்.

ஒன்றைத் தெரிந்துகொண்டு கொடுங்கள், அந்த இரத்தத்தால் உங்கள் பிள்ளைக்கு நேரடியான பலன் வராது. ஆனால் வட அமெரிக்கர், சீனர், யப்பானியர் பிள்ளைகளின் இரத்தத்தை வைத்தே எல்லாம் எழுதப்பட்டால், அது நம் பிள்ளைகளுக்குப் பொருந்துமா என்று யாரும் சொல்ல முடியாது. எச்சில் பரிசோதனைக்கு நடந்தது அதுதான்.

டி.என்.ஏ. எடுத்தால் நாளைக்குக் கல்யாணப் பேச்சில் பிரச்சினை வருமா?

இந்தக் கேள்வியைக் குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள், எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆய்வில் பெயருக்குப் பதில் இலக்கம்தான் குழாயில் ஒட்டப்படும், முடிவை அயலாரிடம் யாரும் சொல்ல மாட்டார்கள். ஸ்கோலியோசிஸ் உள்ள பெண்களில் பெரும்பாலானோர் சாதாரணமாகக் கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று வாழ்கிறார்கள். ஊர் வாய்க்குப் பயந்து மறைத்து, பிரேஸ் போடுகிற இரண்டு வருடத்தைத் தவறவிடுவதுதான் உண்மையான நட்டம்.

வீட்டில் எப்படிப் பார்ப்பது? கொழும்பில் எங்கே காட்டுவது?

1865இல் வில்லியம் அடம்ஸ் என்ற ஆங்கில வைத்தியர் விவரித்த முறையே இன்றும் முதல் படி. பிள்ளையை நேராக நிற்கச் சொல்லி, இரு கையையும் சேர்த்துத் தொங்கவிட்டு, முழங்காலை மடக்காமல் முன்னே குனிய வையுங்கள். இரட்டைப் பின்னலை முன்பக்கம் தள்ளிவிடுங்கள், இல்லையென்றால் முதுகை மறைக்கும். பின்னால் நின்று, உங்கள் கண் முதுகின் மட்டத்துக்கு வரும்படி நீங்களும் குனியுங்கள். ஒரு பக்க விலா மற்றப் பக்கத்தைவிட மேலே எழுந்து நின்றால் காட்ட வேண்டும். தரம் 7 பாடசாலை மருத்துவப் பரிசோதனையின்போது கேட்டால் அங்கேயும் பார்ப்பார்கள். பொரளை லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையிலும் கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் எலும்பியல் கிளினிக் உண்டு, அரச வைத்தியசாலை என்பதால் காசு இல்லை. பழைய எக்ஸ்ரே எல்லாவற்றையும் கொண்டு போங்கள். அளவிடுவதிலேயே 5 பாகை அளவில் முன்பின் வரலாம் என்பதால், ஒரு படத்தை மட்டும் பார்த்துக் கூடிவிட்டது என்று சொல்ல முடியாது.

நாங்கள் சம்மதம், ஆனால் பிள்ளை ஆய்வுக்கு இரத்தம் தர மாட்டேன் என்கிறாள்.

விட்டுவிடுங்கள். அவளுடைய வைத்தியத்தில் ஒன்றும் மாறாது, மாறக்கூடாது. என் மகளும் முதல் தடவை மாட்டேன் என்றாள். ஏற்கனவே பிரேஸ், எக்ஸ்ரே, கிளினிக் என்று எல்லாவற்றையும் மற்றவர்கள்தான் அவளுக்காக முடிவெடுத்திருந்தார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குக் கூட்டி வந்தேன், வழியில் பம்பலப்பிட்டியில் இறங்கி ரோல்ஸ் வாங்கிச் சாப்பிட்டோம்.